ஓனரையும் விடாத அட்வான்ஸ்

செங்கல் சூளைல கணக்கு எப்படி ஓடும்னு முதல்ல சொல்லிடறேன், அது புரியலைன்னா மத்தது எதுவும் புரியாது. மழைக்காலத்துல கூலி வேலை இருக்காது, அப்போ பார்த்து வீட்டுல ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரி செலவோ வந்து நிக்கும், சூளைக்கு ஆள் சேர்க்கற மேஸ்திரி வந்து அட்வான்ஸ் குடுப்பாரு. பொங்கல் முடிஞ்சதும் புருஷன் பொண்டாட்டி புள்ளைங்கன்னு குடும்பத்தோட சூளைல போய் தங்கணும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு பேச்சு, ஆனா கைக்கு வர்றது வாரத்துக்கு ஒருக்கா சாப்பாட்டு செலவுக்கு குடுக்குற காசு மட்டும் தான், அதையும் நோட்டுல எழுதிடுவாங்க. திடீர் மழைல இன்னும் சுடாத பச்சைக்கல்லு கரைஞ்சு போனா அந்த நஷ்டமும் இவங்க தலைல. சீசன் முடிஞ்சு கழிச்சு பார்த்தா அட்வான்ஸ் அப்படியே இருக்கும், இல்ல ஏறி இருக்கும். நோட்டு ஓனர் கைல தான்.

இலவச சட்ட உதவி வக்கீலா நான் பார்த்த ஒரு இருளர் குடும்பம். குடும்பத் தலைவரோட அம்மா ஊர்ல இறந்துட்டாங்க, ஓனர் அனுப்பினாரு, ஆனா பொண்டாட்டியும் புள்ளைங்களும் சூளைலயே இருக்கணும்னு சொல்லி தான் அனுப்பினாரு. காரியம் முடியறதுக்கு முன்னாடியே மனுஷன் திரும்பி வந்துட்டாரு. அப்புறம் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) விசாரணைல "உங்களை யாராச்சும் அடைச்சு வெச்சாங்களா"ன்னு கேட்டா, "இல்லீங்கய்யா, வாங்குன காசை கழிச்சுட்டு தானே போவணும்"னாரு. சேர் போட்டு உக்காருங்கன்னு எத்தனை தடவை சொல்லியும் உக்காரவே இல்ல. இந்த மாதிரி பதிலை வெச்சு "விருப்பப்பட்டு தான் இருக்காங்க"ன்னு எழுதி ஃபைலை மூடுறதை என்னால இன்னிக்கும் ஏத்துக்க முடியல. பொண்டாட்டி புள்ளைங்க அடமானமா இருக்கறப்போ விருப்பம் எங்க இருந்து வரும்?

அதே ஓனர் வராண்டால என்கிட்ட வந்து புலம்பினாரு. "பேரனோட காதுகுத்துக்கு கூட நான் போகல மேடம், நான் ஒரு நாள் நகர்ந்தா இவங்க ராவோட ராவா கிளம்பிடுவாங்க". குடிசைங்களுக்கு எதிர்ல கட்டில் போட்டு தான் தூங்குறாராம், லீவுக்கு வந்த காலேஜ் படிக்கிற பையனையும் காவலுக்கு உக்கார வெச்சிருக்காரு. குடுத்த அட்வான்ஸும் இவர் வட்டிக்கு வாங்கின காசு. அட்வான்ஸ் இல்லாம வாராவாரம் முழு கூலி குடுத்து பாருங்களேன்னு சொன்னேன், "அப்படி ஆளு நிக்காது மேடம்"னு சட்டுனு சொல்லிட்டாரு. கட்டாம ஒரு மனுஷன் வேலை செய்வான்ங்கறதையே அவரால நம்ப முடியல. அந்த நம்பிக்கை போனதுக்கு அப்புறம் அவருக்கும் தூக்கம் இல்ல, இப்ப அந்த பையனும் அதையே கத்துக்கறான், எனக்கு அது தான் ரொம்ப பயமா இருந்துச்சு.

இதை சொன்னா ரெண்டு பேருமே பாவம்னு சிலர் கிளம்பிடறாங்க. அது தப்பு. ஓனர் நினைச்சா நாளைக்கே நோட்டை கிழிச்சு போட்டுட்டு காதுகுத்துக்கு போகலாம், அந்த குடும்பம் ரோட்டை தாண்டி சந்தைக்கு போகவே கேட்டுட்டு தான் போகணும். அவர் கட்டு அவரே போட்டது.

இப்படி அட்வான்ஸை காட்டி ஆளை நிறுத்தி வெக்கறது தான் கொத்தடிமை முறை, சட்டம் இதுல ரொம்ப தெளிவா இருக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976, ஆனா அமலுக்கு வந்ததா எடுத்துக்கறது 1975 அக்டோபர் 25. அப்போல இருந்தே இந்த மாதிரி கடன் எல்லாம் செல்லாது, திருப்பி கட்டவே வேண்டாம். இது கொத்தடிமை கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது பணம் குடுத்தவர் தான், தொழிலாளி இல்ல. 1982ல டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு கட்டட வேலை செஞ்ச தொழிலாளர்கள் வழக்குல சுப்ரீம் கோர்ட், குறைந்தபட்ச கூலிக்கு கீழ வேலை வாங்கினாலே அது கட்டாய வேலை தான், வறுமையும் ஒரு கட்டாயம் தான்னு சொல்லிடுச்சு. அதனால பூட்டு சங்கிலி எல்லாம் தேடிட்டு இருக்காதீங்க.

இன்னொன்னு, நல்ல மனசுல செய்யற ஒரு காரியம். வாட்ஸ்அப்ல காசு வசூல் பண்ணி "அட்வான்ஸை கட்டி மீட்டுட்டோம்"னு போட்டோ போடறாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க. அந்த காசை ஓனர் வாங்கறதே குற்றம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. நீங்க கட்டினா செல்லாத கடனை செல்லும்னு ரெண்டு பக்கமும் முடிவு பண்ணிடறாங்க, அவர் அதே காசை அடுத்த குடும்பத்துக்கு அட்வான்ஸா குடுப்பாரு. மீட்டு வந்தவங்களுக்கும், கொத்தடிமைல இருந்து விடுவிச்சதா அதிகாரிங்க குடுக்கற விடுதலைச் சான்றிதழ் இருக்காது, அது இல்லைன்னா அரசாங்கத்தோட உடனடி உதவி 30,000 ரூபாய் வரைக்கும் கிடைக்க வேண்டியது கிடைக்காது, ஓனர் மேல கேஸ் நடத்தறதும் கஷ்டம். கைல காசும் இல்லாம, ஜாதிச் சான்றிதழ் ரேஷன் கார்டும் இல்லாம ஊருக்கு போனா அடுத்த மழைக்கு மேஸ்திரி திரும்ப வாசல்ல நிப்பாரு.

உங்க ஊர் பக்கம் இப்படி ஒரு குடும்பம் இருக்குன்னு தெரிஞ்சா கலெக்டருக்கோ ஆர்டிஓவுக்கோ எழுதுங்க, எப்படி எழுதறதுன்னு தெரியலைன்னா 15100க்கு போன் பண்ணி இலவச சட்ட உதவி கேளுங்க. எழுதறப்போ யாரை ஊருக்கு விட்டாங்க, யாரை நிறுத்தி வெச்சாங்க, கூலி கைல எவ்வளவு வருதுன்னு எழுதுங்க. கடன் தகராறுன்னு மட்டும் எழுதிடாதீங்க, அப்படி எழுதினா ஸ்டேஷன்ல ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சு "பேசி முடிச்சுக்கோங்க"ன்னு சொல்லி, சாயங்காலத்துக்குள்ள அதே சூளைக்கு அனுப்பி வெச்சிடுவாங்க.