செவிப்பறை ஒட்டறுவை: மிரிங்கோபிளாஸ்டி, டிம்பனோபிளாஸ்டி – சொல் விளக்கம்

குழந்தையின் காதில் சீழ் வடிவது நின்று, காது நன்றாக உலர்ந்த பிறகும் செவிப்பறையில் விழுந்த துளை மூடாமல் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதித் தரும் குறிப்பில் பெரும்பாலும் இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும்: மிரிங்கோபிளாஸ்டி, அல்லது டிம்பனோபிளாஸ்டி. பேச்சில் இரண்டுமே ‘காது ஜவ்வு ஆபரேஷன்’ ஆகிவிடுகின்றன. எழுத்தில் ‘செவிப்பறைச் சீரமைப்பு’, ‘செவிப்பறை அடைப்பு’ என்று ஏதேனும் ஒன்றை இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிடுகிறோம். ஆனால் இவை ஒன்றல்ல. முதலாவது சவ்வோடு நின்றுவிடும் அறுவை; இரண்டாவது சவ்வைத் தாண்டி நடுச்செவிக்குள்ளும் செல்லக்கூடியது. இசைவுப் படிவத்தில் கையெழுத்திடும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது என்பதால், இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச்சொல் தேவைப்படுகிறது.

‘பிளாஸ்டி’ என்னும் பின்னொட்டு இரண்டுக்கும் பொது. உருக்கொடுத்தல், வனைதல் என்று பொருள்படும் ‘பிளாசைன்’ என்ற கிரேக்க வினையிலிருந்து அது வந்தது. நெகிழியைக் குறிக்கும் ‘பிளாஸ்டிக்’கும் அதே வேரில் பிறந்ததுதான் என்றாலும், பிளாஸ்டிக் சர்ஜரியில் நெகிழிப் பொருளுக்கு வேலை இல்லை. மருத்துவச் சொற்களில் ‘டமி’ என்று முடிவது கீறித் திறப்பதையும், ‘எக்டமி’ என்று முடிவது வெட்டி நீக்குவதையும், ‘பிளாஸ்டி’ என்று முடிவது சிதைந்ததை மீண்டும் உருவாக்குவதையும் குறிக்கும்.

வேறுபாடு முன்பாதியில் இருக்கிறது. ‘டிம்பனம்’ என்பது கிரேக்கத்தின் ‘டிம்பனான்’, அதாவது தோற்கருவி. அடித்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த பெயர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றியலாளர் கப்ரியேலே ஃபலோப்பியோ இச்சொல்லை உடற்கூற்றியலுக்குக் கொண்டுவந்தபோது, அவர் மனத்தில் இருந்தது தோல் மட்டுமன்று; தோலும் அதன் பின்னுள்ள குழியும் சேர்ந்த முழுக் கருவி. எனவே டிம்பனம் என்பது துல்லியமாகச் சொன்னால் நடுச்செவி அறை. அதன் வெளிச்சுவராக அமைந்த தோலே டிம்பனச் சவ்வு. ‘மிரிங்கா’வின் கதை வேறு. சவ்வு எனப் பொருள்படும் ‘மெனிங்க்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல் இடைக்கால இலத்தீனில் உருத்திரிந்து ‘மிரிங்கா’ ஆகி, பின்னர் செவிப்பறையின் சவ்வுக்கு உரிய பெயராக நிலைத்துவிட்டது. மூளையுறை அழற்சியைக் குறிக்கும் மெனிஞ்சைட்டிஸ் என்ற சொல்லின் முன்பாதியும் அதே மெனிங்க்ஸ்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். பாடநூல் வழியாக நமக்குக் கிடைத்தது ‘செவிப்பறை’; வாய்வழக்கில் இருப்பது ‘காது ஜவ்வு’, அதாவது சவ்வு. ஒன்று தோற்கருவியின் பெயர், மற்றது மெல்லிய படலத்தின் பெயர். கிரேக்க மரபில் இருந்த இரட்டை, யாரும் திட்டமிடாமலே தமிழிலும் அமைந்திருக்கிறது. பறை பழைய சொல். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தொல்காப்பியம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. ஆயினும் செவிப்பறை என்று நாம் எழுதும்போது குழியை யாரும் நினைப்பதில்லை, தோலை மட்டுமே நினைக்கிறோம். (பின்னால் மூடிய குழி இருப்பதைக் கொண்டு பார்த்தால் ‘செவிமுரசு’ என்பதே வடிவத்துக்குப் பொருத்தமான பெயர். ஆனால் வழங்கி நிலைத்துவிட்ட சொல்லை இனி மாற்றப் புகுவது வீண்வேலை.) செவிப்பறை தமிழில் சவ்வுக்கு ஆகிவிட்டபடியால், டிம்பனோபிளாஸ்டியைச் ‘செவிப்பறைச் சீரமைப்பு’ என்று பெயர்ப்பது அந்த அறுவையின் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

பெயர்கள் பிறந்த வரலாறும் இதையே காட்டுகிறது. துளையை மூடும் முயற்சி மிகப் பழையது. 1640இல் மார்க்குஸ் பான்ட்ஸர் என்ற ஜெர்மானிய மருத்துவர் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலைப் போர்த்திய சிறு குழாயைக் காதுக்குள் செருகிப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஜோசப் டாயின்பி, வெள்ளிக் கம்பியில் பொருத்திய ரப்பர் வில்லையைப் பயன்படுத்தினார். இவை செயற்கைப் பறைகள். வேண்டும்போது வைத்து எடுக்கலாமே தவிர உடலோடு சேரா. 1878இல் எமில் பெர்த்தோல்ட் துளையின்மேல் தோலையே ஒட்டி அது பிடிக்கும்படி செய்து, அந்த அறுவைக்கு மிரிங்கோபிளாஸ்டி என்று பெயரிட்டார். டிம்பனோபிளாஸ்டி என்ற சொல் 1950களில்தான் வந்தது. ஹோர்ஸ்ட் வுல்ஸ்டைன், ஃபிரிட்ஸ் சோல்னர் என்ற இரு ஜெர்மானியர்கள் அறுவை நுண்ணோக்கியின் துணையோடு சவ்வை மட்டுமன்றி, ஒலியைக் கடத்தும் எலும்புத் தொடரையும் சேர்த்துச் சீரமைக்கும் முறைகளை வகுத்தனர். அவற்றை வுல்ஸ்டைன் ஐந்து வகைகளாகப் பிரித்தார். சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்று எலும்புகளும் கெடாமல் இருந்து சவ்வை மட்டும் ஒட்டுவது முதல் வகை. எலும்புகள் அரிக்கப்பட்டு, ஒட்டுத்திசு நேரடியாக அங்கவடியின் தலைமீது அமர்வது மூன்றாம் வகை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் செய்யப்படுவது முதல் வகைதான். மருத்துவக் குறிப்பில் ‘டைப் 1 டிம்பனோபிளாஸ்டி’ என்று இருந்தால், ஏறக்குறைய மிரிங்கோபிளாஸ்டியே என்று கொள்ளலாம். மருத்துவர் சவ்வைத் தூக்கி எலும்புகளையும் அசைத்துப் பார்த்தார் என்பது மட்டுமே கூடுதல்.

சுசுருத சங்கிதையில் காது ஒட்டும் முறைகள் 15 சொல்லப்படுவதைக் கொண்டு, இவ்வறுவை நம் பழைய மருத்துவத்திலேயே இருந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அந்தப் பதினைந்தும் அறுந்த காதுமடலைப் பொருத்தும் முறைகள். செவிப்பறைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

எந்தச் சொல் பொருந்தும் என்று முடிவு செய்ய, அறுவையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். செவிப்பறை ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனும் கொண்டது. இந்தச் சிறு தடிமனுக்குள் வெளித்தோல், நடுவில் நார்ப்படலம், உள்ளே நடுச்செவியின் சளிப்படலம் என்று மூன்று அடுக்குகள் உள்ளன. புதிதாகக் கிழிந்த பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். மூடாமல் மாதங்கள் கடந்தால், வெளித்தோல் துளையின் விளிம்பைச் சுற்றி உட்புறமாக வளர்ந்து சளிப்படலத்தோடு சேர்ந்துவிடுகிறது. விளிம்பு ஆறிவிட்டது, துளை மட்டும் அப்படியே நிற்கிறது என்னும் நிலை அது. ஆகவே அறுவையில் முதல் வேலை, ஆறிப்போன அந்த விளிம்பைக் கூரிய நுண்கருவியால் சுற்றிலும் உரித்தெடுத்து மீண்டும் புண்ணாக்குவது. புண்ணானால்தான் திசு வளரும்.

அதன்பின் காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியின் மெல்லுதசையைப் போர்த்தியிருக்கும் வெண்மையான தசையுறையிலிருந்து ஒரு துண்டை எடுக்கிறார்கள். 1950களின் இறுதியிலிருந்து வழக்கத்துக்கு வந்து இன்றும் மிகுதியாகப் பயன்படுவது இதுதான். ஒட்டியிருக்கும் தசைநாரைச் சுரண்டி உலரவிட்டால், அது தாள்போல் விறைத்து, வேண்டிய அளவுக்கு வெட்ட வசதியாகிவிடும். காதுக்குழாயின் தோலோடு செவிப்பறையின் ஒரு பாதியை ஏடு புரட்டுவதுபோல் முன்னே தூக்கி, ஒட்டுத்துண்டைத் துளைக்கு அடியில் செருகி, அது விழாமலிருக்க நடுச்செவிக்குள் கரையக்கூடிய ஜெலட்டின் பஞ்சை வைத்து, தூக்கிய ஏட்டை மீண்டும் படியவைக்கிறார்கள். அடியில் வைக்கும் இந்த முறைக்கு ‘அண்டர்லே’ என்று பெயர். தமிழில் ‘அடியொட்டு’ எனலாம். நார்ப்படலத்தின் மேல் வைக்கும் ‘ஓவர்லே’ முறையை ‘மேலொட்டு’ எனலாம். தசையுறைக்குப் பதிலாகக் காதுவாயிலின் முன்னால் நிற்கும் சிறு மடலின் குருத்தெலும்பையும், மிகச் சிறிய துளைகளுக்குக் காதுச்சோணையின் கொழுப்பையும் எடுப்பதுண்டு.

‘அடைத்தல்’ என்ற வினை இங்கே பொருந்தாமல் போவதற்குக் காரணம் இப்போது விளங்கும். வைக்கப்பட்ட துண்டு வெறும் அடைப்பாக நிற்பதில்லை. அதைச் சாரமாகப் பற்றிக்கொண்டு வெளித்தோலும் சளிப்படலமும் இருபுறமும் படர்ந்து வளர, சவ்வு மீண்டும் உருவாகிறது. இந்தச் செயலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: ‘ஒட்டு’. கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுகிறோம், மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுகிறோம். முன்னது ஓட்டையை மறைப்பது, பின்னது உயிருள்ள திசு இன்னொன்றைப் பிடித்து வளர்வது. இந்த அறுவைக்கு இரண்டு பொருளும் வேண்டும். ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கின்றன. ஆகவே மிரிங்கோபிளாஸ்டிக்கு ‘செவிப்பறை ஒட்டறுவை’ என்பதே தகுந்த தமிழ். டிம்பனோபிளாஸ்டிக்கு ‘நடுச்செவிச் சீரமைப்பறுவை’ என்று சொல்லலாம். ‘பிளாஸ்டி’ என்ற ஒரே பின்னொட்டுக்கு ஓரிடத்தில் ‘ஒட்டு’, ஓரிடத்தில் ‘சீரமைப்பு’ என வருவது முறைகேடு என்று கலைச்சொல் வல்லுநர்கள் முகம் சுளிக்கலாம். செய்வது வேறாக இருக்கும்போது சொல்லும் வேறாக இருப்பதில் எனக்குக் குறை தெரியவில்லை.

இவ்விரண்டைவிட ஆபத்தான குழப்பம் மூன்றாவது ஒரு சொல்லால் நேர்கிறது. நடுச்செவியில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்த குழந்தைக்கு, பறையில் சிறு கீறல் போட்டு நீரை உறிஞ்சி, காற்றோட்டத்துக்காக ஒரு சிறு குழாயைச் செருகுவார்கள். கீறுவது மிரிங்கோடமி. பெயரின் முற்பாதி ஒன்றாக இருப்பதால் பெற்றோர் இதையும் மிரிங்கோபிளாஸ்டியையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் ஒன்று துளையிடுவது, மற்றது துளையை மூடுவது. அந்தக் குழாய் தானே விழுந்தபின் சில குழந்தைகளுக்குத் துளை மூடாமல் நின்றுவிடுவதால், முதல் அறுவையின் விளைவைச் சரிசெய்யவே இரண்டாவது தேவைப்படுவதும் உண்டு. மிரிங்கோடமிக்குச் ‘செவிப்பறைக் கீறல்’ என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமிராது.

இந்த அறுவையைக் குழந்தைக்குச் செய்வதில் தனியே எண்ணிப் பார்க்க வேண்டியவை உண்டு. செவிப்பறை பிறக்கும்போதே ஏறக்குறைய பெரியவர்களுக்குள்ள அளவில் இருக்கிறது; ஆனால் காதுக்குழாய் குறுகலானது, மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழல் குட்டையாகவும் படுக்கைவாட்டாகவும் கிடப்பது. சளி பிடிக்கும்போதெல்லாம் தொற்று எளிதில் மேலேறி, புதிதாக ஒட்டிய சவ்வையும் துளைத்துவிடலாம். இக்குழல் ஓரளவு முதிர்வது 7, 8 வயதளவில் என்பதால் அதுவரை காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. பேச்சுக் கற்கும் வயதில் கேட்கும் திறன் குறைந்திருப்பதையும், மீண்டும் மீண்டும் சீழ் வடிவதையும் சுட்டி, முன்பே செய்துவிடலாம் என்பவர்களும் உண்டு. மறுகாதின் நிலை, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையின் வீக்கம், பிளவண்ணம் (மேலண்ணம் பிளந்திருத்தல்) ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே முடிவு செய்வதுதான் நடைமுறை. காத்திருக்கும் காலத்தில் காதுக்குள் நீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பிந்திய சொற்களில் தமிழ் தடுமாறத் தேவையில்லை. சில வாரங்களில் காதைப் பார்த்துவிட்டு மருத்துவர் ‘கிராஃப்ட் டேக் ஆகிவிட்டது’ என்பார். ‘ஒட்டு பிடித்துவிட்டது’ என்றால் அதே பொருள்தான். கேட்கும் திறன் எவ்வளவு திரும்பியது என்பது அதிலிருந்து வேறு செய்தி. பஞ்சு முழுதும் கரைந்தபின் எடுக்கும் செவித்திறன் சோதனைதான் அதைச் சொல்லும். மீண்டும் துளை விழுந்தால் ‘ஒட்டு பிடிக்கவில்லை’ என்றும், திரும்பச் செய்வதை ‘மறு ஒட்டறுவை’ என்றும் எழுதலாம்.