பவர் பத்திரம்: பாதியில் நின்றுபோன ஒரு சொல்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உரிமையியல் வழக்குகளை நடத்திவரும் எனக்கு, வாரத்தில் ஒருமுறையாவது காதில் விழும் வாக்கியம் "பவர் என் பேர்லதான் இருக்குது" என்பது. அண்மையில் இதைச் சொன்னவர் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையார். மஞ்சள் துணிப்பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஓரம் பழுப்பேறிய முத்திரைத்தாள்கள். 2009-இல் ஒரு மனைக்கு முழு விலையையும் கொடுத்த அவர், கிரயச் செலவு மிச்சமாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, பேச்சுவழக்கில் பவர் எனப்படும் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் தன் பெயரில் எழுதி வாங்கியிருக்கிறார். விற்றவர் இறந்துவிட்டார், அவருடைய பிள்ளைகள் இப்போது வேலியைப் பிடுங்கியிருக்கிறார்கள். "பவரு எங்கிட்ட கீதே சார், அவங்க எப்படிக் கேக்கலாம்?" என்றார்.

குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இது "பவர் ஆஃப் அட்டர்னி" என்ற கூட்டுச் சொல். "அட்டர்னி" பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது; ஒருவர் தமக்குப் பதிலாக நியமித்த ஆள் என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆகவே முழுச் சொல்லும் குறிப்பது, பிறருக்காகச் செயல்பட நியமிக்கப்பட்டவருக்குத் தரப்பட்ட அதிகாரம். பன்மையில் எழுதும்போதும் ஆங்கிலேயர் "பவர்ஸ் ஆஃப் அட்டர்னி" என்று முதற்சொல்லைத்தான் பன்மையாக்குவார்கள். நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நாமோ மூக்குக்கண்ணாடிக்கும் மாத்திரைக்கும் சொல்கிற அதே "பவர்" என்ற முற்பாதியை வைத்துக்கொண்டு, ஆளைக் குறிக்கும் பிற்பாதியை விட்டுவிட்டோம். சொத்தே கைமாறிவிட்டது என்ற எண்ணம் அந்த இடைவெளியில் புகுந்துகொள்கிறது.

பிற்பாதி நினைவிருப்பவர்களுக்கு வேறொரு மயக்கம். அமெரிக்க வழக்கில் "அட்டர்னி" என்றால் வழக்கறிஞர். நம் அரசமைப்பிலும் அட்டர்னி ஜெனரல் என்ற பதவி உண்டு. இதை வைத்து, ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர், "வக்கீல்தானே அட்டர்னி, பவரை உங்க பேர்லயே எழுதிடலாமே" என்றார். அவர் எனக்குத் தர வேண்டியிருந்தது, வழக்கை நடத்த வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்து மட்டுமே. பவர் பெறும் முகவர் யாராகவும் இருக்கலாம்: அண்ணன், மருமகன், நண்பர். அவர் தமக்கு அதிகாரம் தந்தவருக்காக வழக்குப் பதிவு செய்யலாம், கையொப்பமிடலாம். வழக்கறிஞரைப் போல வாதாட முடியாது. அதிகாரம் தந்தவர் மட்டுமே நேரில் அறிந்த செய்திகளுக்கு அவருடைய இடத்தில் நின்று சாட்சி சொல்லவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்த அம்மையாரின் பத்திரத்துக்கு வருகிறேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, அதிகாரம் தந்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனத்தை இழந்தாலோ முகவருடைய அதிகாரம் முடிந்துபோகிறது. முகவருக்கே அந்தச் சொத்தில் தனி நலன் இருந்தால் 202-ஆவது பிரிவு ஒரு விதிவிலக்கைத் தருகிறது. பத்திர எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்க்கும் "ரத்து செய்ய இயலாத" என்ற சொற்றொடர் மட்டும் அந்த விதிவிலக்கைக் கொண்டுவந்துவிடாது. முழு விலை கொடுத்ததற்கான சான்று இருந்தால் வாதிடலாம். ஆனால் வாதத்தில் வென்றாலும் அது அதிகாரம் தொடர்கிறது என்ற அளவில்தான் நிற்கும். பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றை ஒருசேர எழுதி வாங்கினாலும் உரிமை மாறாது, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. அன்று மிச்சப்படுத்திய முத்திரைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன், அவருக்கு நினைவில்லை.

இதனால் பவர் பத்திரமே தீங்கு என்று நான் சொல்ல வரவில்லை. வேலூர் வட்டாரத்தில் அது இல்லாமல் பல குடும்பங்களுக்கு வேலை நடக்காது. கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்கள் இங்கே உண்டு. எல்லையில் பணியிலிருக்கும் மகன், ஒரு பாகப்பிரிவினைக்காக ரயிலேறிக் காட்பாடிக்கு வந்துபோக இயலாது. விடுப்பில் வந்த ஒரு படைவீரர் தம் அண்ணனுக்குப் பவர் எழுத வேண்டும் என்று வந்தபோது, எழுத்தர் தயாரித்த வரைவை இருவரும் வரிவரியாகப் படித்தோம். "எனக்குச் சொந்தமான அனைத்துச் சொத்துக்களையும் விற்கவும், அடமானம் வைக்கவும், தொகை பெறவும்" என்று ஓடிய வாக்கியத்தை அடித்துவிட்டு, ஒரே ஒரு புல எண்ணைக் குறிப்பிட்டு, பாகப்பிரிவினையில் கையொப்பமிட மட்டும் என்று சிறப்பு அதிகாரமாக மாற்றினோம். அண்ணன் முகம் சற்றே சுருங்கியது. "அண்ணன் மேல சந்தேகமா சார்?" என்று தம்பியே கேட்டார். அண்ணனுக்குப் பிறகு அந்தத் தாளை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பின், அசையாச் சொத்து குறித்து இங்கே எழுதப்படும் பவர் பத்திரத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். பெட்டிக்குள் ஓராண்டு கிடந்த உறையோடு ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ரத்து செய்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ரத்துப் பத்திரம் எழுதிப் பீரோவில் பூட்டிவைத்தால் போதாது: முகவரைப் பொறுத்தவரை, அது அவருக்குத் தெரியவரும்போதுதான் செல்லுபடியாகிறது, வெளியாரைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தெரியவரும்போது. எனவே மூலப் பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்தையும் பதிவு செய்து, முகவருக்கு ஒப்புகையுடன் கூடிய தபாலில் தெரிவித்து, அந்த ஒப்புகையைப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்துவைக்கும்படி கட்சிக்காரர்களிடம் சொல்கிறேன்.

குடியாத்தத்து அம்மையாருக்கு இப்போது இருக்கும் நேரான வழி, இறந்தவரின் வாரிசுகள் அனைவரும் சேர்ந்து அவருக்குக் கிரயம் செய்து தருவது. மூத்த மகன் ஒப்புக்கொண்டுவிட்டார். கடைசி மகள் மட்டும், அந்த மனைக்கு அரசு நிர்ணயித்திருக்கும் இன்றைய வழிகாட்டி மதிப்பு என்ன என்று கேட்டுத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்.