கால் வீங்கினால் மாத்திரை வேலை செய்யவில்லை என்றா அர்த்தம்?

"பிரஷர் மாத்திரைய ஏம்மா நிப்பாட்டுனீங்க?" என்று கேட்டால் பதில் வராது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டுவார்கள். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழும், மேலேறி வர நேரம் பிடிக்கும். திருநெல்வேலி வட்டாரத்தில் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் சொளவை வைத்துக்கொண்டு, காலை மடக்கியும் நீட்டியும் பொழுதுக்கும் பீடி சுற்றுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ரத்தக்கொதிப்பு வலிக்காது, கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும். நிறுத்தியதில் என்ன ஆச்சரியம்?

அந்த மாத்திரை பெரும்பாலும் அம்லோடிபின். ரத்தக்குழாய்ச் சுவரின் தசை சுருங்க, கால்சியம் அதற்குள் போகவேண்டும். அந்த வாசலை அம்லோடிபின் அடைக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, பிரஷர் இறங்குகிறது. சிக்கல் என்னவென்றால், விரிவது பெரும்பாலும் ரத்தத்தைக் கொண்டுவரும் தமனிதான், திரும்ப எடுத்துப்போகும் சிரை அவ்வளவாக விரிவதில்லை. கால்வாய் மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வயலில் தண்ணீர் தேங்குவது மாதிரி, நடுவிலுள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் சதைக்குள் கசிகிறது. நிற்கும்போது காலுக்கு வரும் ரத்தத்தைக் கட்டுப்படுத்த உடம்பு தானாகவே தமனியைச் சுருக்கும், அதையும் இந்த மருந்து மட்டுப்படுத்துகிறது. அதனால்தான் சாயங்காலம் வீக்கம் அதிகம். 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இன்னும் அதிகம்.

ஆக, வீக்கம் மருந்து வேலை செய்வதன் மறுபக்கம். உடம்பில் நீர் கூடிவிட்டதால் வந்ததல்ல. நீர் பிரியும் மாத்திரை கொடுத்தாலும் பெரிதாக வடியாததற்குக் காரணம் அதுதான். ஆனாலும் கொடுக்கிறார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்க, அதற்கு இன்னொரு மருந்து என்று பை நிறைகிறது. அளவைக் குறைப்பதோ, சிரையையும் விரிக்கும் எனாலாபிரில், லோசார்டான் வகை பிரஷர் மாத்திரை ஒன்றைச் சேர்ப்பதோ பொருத்தமாக இருக்கும்.

எனாலாபிரிலுக்கும் ஒரு வம்பு உண்டு: வறட்டு இருமல். அது தடுக்கும் நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. நொதி முடங்கினால் பிராடிகைனின் சேர்ந்து, மூச்சுக்குழாய் நரம்பைக் கிளறும். பீடி வீட்டில் யாரும் மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார்கள், பழி நேரே புகையிலைத் தூள் மேல்தான் விழும். மாத்திரையை நிறுத்தினால் இருமல் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். லோசார்டான் அந்த நொதியைத் தொடுவதில்லை, இருமலும் அபூர்வம்.

வீக்கமா, இருமலா, எதைப் பொறுத்துக்கொள்வது என்பதைச் சீட்டு எழுதுகிறவர் மட்டும் முடிவுசெய்ய முடியாது. நோயாளியிடம் "எது முக்கியம்?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாமே முக்கியம் என்பார். ஆய்வாளர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கற்பனை மாத்திரைகளை அட்டையில் எழுதிக் காட்டுவார்கள்: ஒன்று பக்கவாதத்தைக் கூடுதலாகத் தடுக்கும், ஆனால் கால் வீங்கும். மற்றது கொஞ்சம் குறைவாகக் காக்கும், வீக்கமில்லை. இரண்டில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். எண்களை மாற்றி மாற்றிக் காட்டினால், வீக்கத்தைத் தவிர்க்க ஒருவர் எவ்வளவு பாதுகாப்பை விட்டுக்கொடுப்பார் என்பது கணக்கில் வந்துவிடும். இதற்கு அடித்தளமான கணிதத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர், 2000இல் நோபல் பெற்ற பொருளியலாளர் டேனியல் மெக்ஃபாடன். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் புது ரயில் வந்தால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று 1970களில் கணித்த அதே முறையால் இன்று மாத்திரையையும் அளக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், நம்ம பக்கத்துக்கு அட்டை தயாரிக்கும்போது "எத்தனை மணிநேரம் தரையில் உட்கார முடியும்" என்பதும் ஒரு வரியாக இருக்கவேண்டும். சர்வதேசப் படிவங்களைத் தமிழாக்கிக் கேட்டால் அது விட்டுப்போகும்.

ஒன்று மட்டும்: ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, எனாலாபிரில் போடுகிறவருக்கு உதடு, நாக்கு தடித்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்ற வீக்கமென்றால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் கணுக்காலைக் காட்டுங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.