மேஸ்திரியை ‘டேய்’னு கூப்பிட்ட ஜார்க்கண்ட் அண்ணன்

போன மழைக்காலத்துல எங்க சங்கத்துக்கு ஒரு பஞ்சாயத்து வந்துச்சு. கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்ல வேலை பாக்குற ஜார்க்கண்ட் அண்ணன் ஒருத்தரை மேஸ்திரி கன்னத்துல அறைஞ்சிட்டாரு. ஏன் சார் அடிச்சீங்கன்னு கேட்டா, "இலை எடை போடுற இடத்துல அத்தனை பேர் முன்னாடி என்னைப் பாத்து டேய் வாடாங்குறான், பொம்பளைங்க எல்லாம் சிரிக்கிறாங்க, என் வயசு என்ன அவன் வயசு என்ன"ன்னு அவருக்கு ஆத்திரம் அடங்கல. சரின்னு இந்தி தெரிஞ்ச ஒரு தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய் அந்த அண்ணன்கிட்ட விசாரிச்சோம். மனுஷன் பேந்தப் பேந்த முழிக்கிறாரு. தமிழ்ல கூப்பிடுறதுன்னா ‘டேய் வாடா’தானே, வேற எப்படிக் கூப்பிடுவாங்கன்னு எங்களையே திருப்பிக் கேக்குறாரு.

ரெண்டு வருஷமா அவர் காதுல விழுந்த தமிழ் பூரா அதுதான். டேய் வாடா, டேய் தூக்குடா, சீக்கிரம் போடா. நாம சொல்லிக் குடுத்ததை அப்படியே கத்துக்கிட்டு அப்படியே திருப்பிச் சொல்லியிருக்காரு, அதுக்குத்தான் அறை.

நான் சமூகப் பணி படிச்சிட்டு இந்த மலையில பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். எங்களது சின்ன சங்கம், இருளர், குறும்பர், படகர், மலையாளம் பேசுறவங்க, சிலோன்ல இருந்து வந்த குடும்பங்கள்னு எல்லாரும் கலந்து நடத்துறோம். நீலகிரி ஒரு விசித்திரமான ஜில்லா. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு தமிழ்நாட்டுல ரொம்ப நலிஞ்ச பழங்குடின்னு அரசாங்கம் பிரிச்சு வச்சிருக்குற ஆறு சமூகமும் இங்கதான் இருக்காங்க. மேடை போட்டு அவங்களை ஆட வச்சு போட்டோ எடுக்குறதுக்கு இங்க ஆள் பஞ்சமே இல்ல, ஆனா அதே ஆளு மறுநாள் ஒரு கவுன்டர்ல போய் நின்னா என்ன நடக்குதுன்னு பாக்கணும்.

நான் பாத்திருக்கேன். ஒரு ஆபீஸ், எந்த ஆபீஸ்னு வேண்டாம். லைன்ல எனக்கு முன்னாடி அறுபத்தஞ்சு வயசு குறும்பர் தாத்தா, அவருக்கு முன்னாடி சட்டை அயர்ன் பண்ணிப் போட்ட ஒருத்தர். கவுன்டர்ல இருந்த தம்பிக்கு இருபத்தாறு வயசு இருக்கும். அயர்ன் சட்டைக்கு "சொல்லுங்க சார்". தாத்தாவுக்கு "என்ன வேணும் உனக்கு, தள்ளி நில்லு". எனக்கு மறுபடி "வாங்க மேடம்". மூணு நிமிஷத்துல ‘ங்க’ போய்ட்டு திரும்பி வந்துடுச்சு. தாத்தா கையில இருந்த கவர்ல மழைத்தண்ணி படாம இருக்க நாலு பிளாஸ்டிக் கவர் சுத்தி வச்சிருந்தாரு, ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும், "அவங்களே எல்லாரையும் நீ வா போன்னுதான மேடம் பேசுறாங்க". உண்மைதான், எனக்குத் தெரிஞ்ச பல பெரியவங்க கலெக்டர் வந்தாலும் நீன்னுதான் பேசுவாங்க. ஆனா அவங்க நீ எல்லாருக்கும் ஒரே நீ. நம்ம நீ ஆள் பாத்து வர்ற நீ.

எங்க மேலயும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். கூடலூர் பக்கம் ஒரு கூட்டம் போட்டோம், எல்லா சமூகத்துல இருந்தும் வந்திருக்காங்கன்னு எங்களுக்கு ஒரே பெருமை, ரிப்போர்ட்ல கூட எழுதிட்டோம். அப்புறம் போட்டோவைப் பாக்குறேன், அறுபது பிளாஸ்டிக் சேர்ல பாதி காலி, பணியர் அக்காங்க அத்தனை பேரும் கடைசியில கதவு பக்கம் தரையில உக்காந்திருக்காங்க. நான் மூணு மணி நேரம் சமத்துவம் பத்திப் பேசியிருக்கேன், ஒரு தடவை கூட அந்தப் பக்கம் திரும்பல. இப்பல்லாம் சேரே போடுறதில்ல, எல்லாருக்கும் பாய், நான் உட்பட. அதே கூடலூர்ல 1990ல இருந்து ஆதிவாசி ஆஸ்பத்திரி நடக்குது, அங்க அந்தந்த ஊர்ப் பொண்ணுங்களையே நர்ஸா பழக்கி எடுத்திருக்காங்க, நோயாளி பேசுற பேச்சுலயே பதில் கிடைக்கும். நாங்க முதல்லயே போய்ப் பாத்திருக்கணும்.

இன்னொண்ணு, இது சொந்தக் கதை. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல, அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கிறதுன்னு முடிவாச்சுல்ல, அந்தக் கணக்குல ஒரு தலை எங்க தாத்தா. கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப், அங்கிருந்து நீலகிரி. இவங்களுக்காகவே 1968ல அரசாங்கம் ஆரம்பிச்ச தேயிலைத் திட்டம்தான் பின்னாடி டான்டீங்குற அரசு தேயிலைக் கம்பெனி ஆச்சு. பேசுறது தமிழ், கும்புடுறது மாரியம்மன், இருந்தாலும் எங்கம்மாவுக்கு ஸ்கூல்ல பேரு ‘சிலோன்’. வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவாராம். இப்ப எங்க லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்ல, எங்க ஆளுங்க பிள்ளைங்க திருப்பூர் கோயம்புத்தூர்னு கிளம்பிட்டாங்க, காலியான வீட்ல ஜார்க்கண்ட் குடும்பங்க இருக்காங்க. போன வருஷம் அம்மா வாசல்ல நின்னு சத்தம் போடுறாங்க, "ஏ வடக்கா, குழாயை மூடு". நான் ஒண்ணும் சொல்லல, சும்மா பாத்தேன். அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு, ரெண்டு நாள் என்கூட சரியா பேசல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. பட்டியல் இனத்தவரையோ பழங்குடியினரையோ நாலு பேர் பாக்குற இடத்துல ஜாதிப் பேர் சொல்லித் திட்டுனா 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல கேஸ் போடலாம், வக்கீலுக்கு காசு இல்லேன்னா 15100க்கு போன் பண்ணினா இலவச சட்ட உதவி. ஆனா ‘நீ’ன்னு சொன்னதுக்கு எந்த செக்‌ஷனும் கிடையாது. ஜார்க்கண்ட் பிள்ளைங்களை ஸ்கூல்ல சேக்கப் போனா பர்த் சர்டிபிகேட் எங்க, டிசி எங்கன்னு திருப்பி அனுப்புறது அடிக்கடி நடக்குது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயசுக்கு அத்தாட்சி இல்லேன்னு எந்தக் குழந்தைக்கும் அட்மிஷன் மறுக்கக் கூடாது, டிசி வர லேட்டாகுதுன்னு தள்ளிப் போடவும் கூடாது. அந்தப் பிரிவை பிரின்ட் எடுத்து பையிலயே வச்சிருக்கேன், சண்டை போடாம டேபிள் மேல வச்சிட்டு உக்காந்துடுவேன், பெரும்பாலும் வேலை நடந்துடும்.

அப்புறம் அந்த ‘வடக்கன்’ விஷயம். அறை வாங்குன அண்ணனோட மனைவி ஒரு நாள் எங்க மெடிக்கல் கேம்புக்கு வந்தாங்க, கன்னம் வீங்கியிருக்கு. இந்தித் தங்கச்சி அன்னைக்கு லீவு. நான் கையைக் காட்டி என்னன்னு கேக்குறேன், அவங்க வாயைத் தொறந்து காட்டி "பல்லு"ங்குற மாதிரி சொல்றாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு, தமிழ் கத்துக்கிட்டீங்களான்னு கேட்டா இல்லையாம், அது அவங்க வீட்டு பாஷை. அவங்க ஒராவோன் ஆதிவாசி, பேசுறது குருக். குருக் இந்தியே இல்லீங்க, நம்ம தமிழ் மாதிரி அதுவும் திராவிட மொழி. கண்ணு, பல்லு, நான், நீ எல்லாம் கிட்டத்தட்ட நம்ம வார்த்தை மாதிரியே இருக்கும். ஜார்க்கண்ட்ல இவங்க பட்டியல் பழங்குடி, தமிழ்நாட்டுப் பட்டியல்ல அந்தப் பேரே இல்ல, அதனால பஸ் ஏறி இங்க வந்து இறங்குன உடனே வெறும் இந்திக்காரன் ஆயிடுறாங்க.

பஞ்சாயத்து என்னாச்சுன்னு சொல்லல இல்ல. மேஸ்திரி வருத்தம் தெரிவிச்சாரு, அரை மனசா. நாங்க ஞாயித்துக்கிழமை சாயந்திரம் லயத்துல ஒரு தமிழ் கிளாஸ் ஆரம்பிச்சோம். முதல் பாடமே வாங்க, போங்க, சொல்லுங்க. அண்ணன் நல்லாப் பிடிச்சுக்கிட்டாரு, இப்ப எல்லாருக்கும் ‘ங்க’தான், எஸ்டேட் நாய் எதுக்க வந்தா கூட "தள்ளுங்க"ன்னு சொல்றாரு. மேஸ்திரியையும் கிளாசுக்குக் கூப்பிட்டோம், எனக்குத் தமிழ் தெரியும்னுட்டாரு. போன வாரம் எடை போடுற இடத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். "டேய், அந்த சாக்கைத் தூக்குடா"ன்னு அவரு. "இதோ வர்றேங்க"ன்னு இவரு.