எல்லாம் இருக்கிறது, எதற்கு என்றுதான் தெரியவில்லை

“ஒரு குறையும் இல்ல மேடம். ஆனா எதுக்கு இதெல்லாம்னு தோணுது.” பெங்களூருவில் உளவியல் ஆலோசகரான என்னிடம் வரும் தமிழர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். ஒயிட்ஃபீல்டில் ஃப்ளாட், பாதி அடைத்த லோன். பிளஸ் டூ மார்க், கேம்பஸ், ஆன்சைட், கல்யாணம், வீடு என்று அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அதுவரை யாராவது சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்கள். அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகுதான் கேள்வி கிளம்புகிறது.

வார ஓட்டம் நின்றதும் தலைகாட்டும் இந்த வெறுமையை ‘ஞாயிற்றுக்கிழமை நியூரோசிஸ்’ என்று அழைத்தார் வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல். இங்கே திங்கள் முதல் வெள்ளி வரை அதை மூடிவைக்க சில்க் போர்டு டிராஃபிக்கே போதும்.

இது நோயல்ல. ஆனால் மனச்சோர்வு நோயும் சில சமயம் இதே வார்த்தைகளில்தான் பேசும். நண்பர்களோடு சிரிக்க முடிகிறது, பிரியாணி ருசிக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் பெரும்பாலும் இது அர்த்தம் தேடும் தவிப்புதான். இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி மனம் கனத்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்து, தூக்கமும் பசியும் கவனமும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் கேட்கும் “உனக்கென்ன குறைச்சல்?” என்ற கேள்விதான் எனக்கு எரிச்சல். வெறுமையோடு குற்ற உணர்வும் சேர்ந்து, அவர் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். (கோயில் குளம் போகச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சிலருக்கு உதவுகிறது.)

அடுத்த திட்டம் எப்போதும் ஒன்றுதான்: வேலையை விட்டுவிட்டு ஊரில் விவசாயம். ராஜினாமா கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வேன். அப்புறம், இந்த வாரம் எப்போது மணி பார்க்க மறந்தீர்கள், நீங்கள் இல்லாவிட்டால் யாருக்கு எது நின்றுபோகும் என்று கேட்பேன். செய்யும் செயல், நேசிக்கும் மனிதர், தவிர்க்க முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்ளும் விதம் என வாழ்வில் அர்த்தம் காண மூன்று வழிகளைச் சொன்னார் ஃபிராங்க்ல். நம்மில் பலர் முதலாவதை மட்டும், அதுவும் பதவிப்பெயராக, பிடித்துக்கொண்டிருக்கிறோம். அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி ஒருவர் தேறினார். அதையே செய்த இன்னொருவருக்கு ஒரு மாதத்தில் சலித்துவிட்டது. அவருக்கு அண்ணனோடு பேச்சை மறுபடி தொடங்குவதுதான் தேவைப்பட்டது.

‘எதற்கு வாழ்கிறேன்’ என்பது ‘நான் இல்லாமல் போனால் தேவலை’ என்று மாறினால் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் சாக நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.