கண்ணுக்குள் இறங்கிய தண்ணீர்

கி.பி. 1010 வாக்கில் கெய்ரோவில் நடக்கும் ஒரு கதை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹகீம் (மருத்துவர்) ஒருவர் கிழவரின் கண்புரையை நீக்குகிறார். கட்டை அவிழ்த்ததும் கிழவர் பேரனின் முகத்தைத் தெளிவாகப் பார்த்து அழுகிறார். உருக்கமான காட்சிதான், ஆனால் நம்ப முடியாதது.

முதலில் அந்த ஹகீம் என்ன நினைத்திருப்பார் என்று பார்ப்போம். கண்புரையை அரபியில் 'நுஸூல் அல்-மா' என்றார்கள், அதாவது தண்ணீர் இறங்குதல். கண்மணிக்கும் லென்சுக்கும் நடுவில் ஒரு நீர் இறங்கி உறைந்துபோகிறது என்பது அவர்கள் கணக்கு. லத்தீனில் இது அருவி என்று பொருள்படும் சொல்லானது. 'காட்டராக்ட்' வந்தது அதிலிருந்துதான். உண்மையில் மங்கிப்போவது லென்சேதான்.

அறுவைக்கு முன் ஒரு சோதனை உண்டு. நோயாளியின் ஒரு கண்ணை மூடுவார்கள். மற்றக் கண்ணின் பாப்பா (கண்மணி) விரிந்தால் அந்தக் கண்ணில் ஊசியால் அறுவை செய்யலாம். அசையாவிட்டால் தொடுவதில் பயனில்லை. மூளையிலிருந்து வரும் 'பார்வை ஆவி' மூடிய கண்ணை விட்டுத் திறந்த கண்ணுக்குப் பாய்வதால் பாப்பா விரிகிறது என்று பழைய கிரேக்க மருத்துவர் கேலனைப் பின்பற்றி விளக்கினார்கள். காரணம் தப்பு, சோதனையும் முழுக்கச் சரியல்ல. ஒரு கண்ணில் வெளிச்சம் குறைந்தால் இரண்டு பாப்பாவும் விரியும். அதற்கு வேலை செய்ய வேண்டியது மூடிய கண்ணின் பார்வை நரம்பு, ஊசி இறங்கப்போகும் கண்ணின் பார்வை நரம்பு அல்ல.

அப்புறம் அறுவை. நோயாளி வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், விழித்த நிலையில். உதவியாளர் பின்னாலிருந்து தலையைப் பிடித்துக்கொள்வார். கருவிழியின் ஓரத்துக்குச் சற்று வெளியே, வெள்ளை விழியில் ஊசியை இறக்கி, மங்கிய லென்சைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே அழுத்தித் தள்ளுவார் மருத்துவர். லென்ஸ் கண்ணுக்குள்ளேயேதான் கிடக்கும். சுஸ்ருத சம்ஹிதையிலும் இந்த முறை உண்டு.

சரி, பேரனின் முகம்? கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் ஏறக்குறைய 60 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் திறனின் அலகு). அதில் மூன்றில் ஒரு பங்கு லென்சுடையது. அது போனால் வெளிச்சம் வரும், நிறம் வரும், ஆள் நடப்பது தெரியும். மூக்கும் வாயும் கலங்கலாகவே இருக்கும். ஈடுகட்டத் தடித்த கண்ணாடி வேண்டும். மூக்குக்கண்ணாடி என்ற பொருளே இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. கிழவருக்கு முன்பே கடுமையான கிட்டப்பார்வை இருந்ததாக எழுதினால் மட்டும் தப்பிக்கலாம்: லென்ஸ் போனதும் அவருக்குப் பார்வை ஓரளவு சரியாகிவிடும்!

அதே கெய்ரோவில் வேறொரு வழியும் இருந்தது. கலீஃபா அல்-ஹாகிம் ஆண்ட காலத்தில் (996–1021) அங்கே எழுதிய, ஈராக்கின் மோசுல் நகரத்துக் கண் மருத்துவர் அம்மார் இப்னு அலீ, துளையுள்ள உலோக ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை விவரித்திருக்கிறார். ஆனால் வயதானவர்களின் லென்ஸ் நடுவில் கெட்டிப்பட்டிருக்கும், ஊசித் துளைக்குள் ஏறாது. உங்களுக்கு அந்த ஊசிதான் வேண்டுமென்றால் கிழவரை எழுப்பிவிட்டு, பேரனை அந்த இடத்தில் உட்கார வையுங்கள்.