தோளில் பள்ளம் விழுகிறதா? ஸ்ட்ராப்பை விடுங்கள், பட்டையைப் பாருங்கள்

கழுத்து வலி, தோள் வலி என்று இயன்முறை சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் தலையணையின் உயரத்தைக் கேட்பேன், கணினித் திரை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்பேன். தயங்காமல் பதில் வரும். "என்ன சைஸ் பிரா போடுறீங்க, கடைசியா எப்ப அளவெடுத்தீங்க?" என்று கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு, அப்புறம் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை. அளவெடுத்திருப்பதாகச் சொல்பவர்கள் குறைவு. கல்லூரிக் காலத்தில் வாங்கிய சைஸே இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் கேட்பதற்கான காரணம் பெரும்பாலும் அவர்கள் தோளிலேயே தெரியும். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே, விரலை வைத்தால் உட்காருகிற அளவுக்கு ஒரு பள்ளம். சிலருக்கு அந்த இடத்துத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். அடியில் இருக்கிற டிரபீசியஸ் தசை கயிறு மாதிரி இறுகியிருக்கும். மார்பு கனமான சிலருக்குச் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போவதும் உண்டு. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், அதைச் சோதிக்காமல் பிராவின் தலையில் போட்டுவிடக் கூடாது.

ஸ்ட்ராப் அழுத்தினால் ஸ்ட்ராப்பைத்தான் எல்லோரும் குறை சொல்கிறோம். அகலமான ஸ்ட்ராப்பாகத் தேடுகிறோம், அடியில் பஞ்சு வைக்கிறோம். கோளாறு அநேகமாக மார்புக்குக் கீழே முதுகைச் சுற்றி வரும் பட்டையில் இருக்கும். மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும் நிறைந்த அந்த உறுப்பைத் தாங்குபவை அதன் மேல்தோலும், உள்ளே ஓடும் மெல்லிய நார்களும்தான். 1840இல் அவற்றை விரிவாக எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் அவை கூப்பர் நார்கள் எனப்படுகின்றன. வெளியிலிருந்து கொடுக்கும் தாங்கலில் பெரும்பங்கு பட்டையின் வேலை. விலா எலும்புகளைச் சுற்றி உறுதியாக உட்கார்ந்து அடியிலிருந்து ஏந்த வேண்டியது அது. ஸ்ட்ராப்புக்கு உள்ளது சின்ன வேலை: கப்பின் மேல் ஓரம் உடலை ஒட்டியிருக்கப் பார்த்துக்கொள்வது. பட்டை தொளதொளவென்று இருந்தால் மொத்தச் சுமையும் தோளுக்கு ஏறிவிடும்.

ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். நாள் முழுக்கக் கரும்பலகையில் கை தூக்கி எழுதுவதால்தான் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தார். போட்டிருந்தது 38 பி. பின்பக்கம் பார்த்தால் பட்டை தோள் எலும்பை நோக்கி வில்லாக ஏறி நின்றது. இன்ச் டேப்பை வைத்தேன். மார்புக்குக் கீழே 34, மார்பின் எடுப்பான இடத்தில் 38. யாரோ எடுப்பான இடத்தில் மட்டும் அளந்து, அந்த 38ஐயே சைஸாகக் கொடுத்திருக்கிறார்கள். "உங்க சைஸ் 34 டி" என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "டியா? நான் அவ்வளவு பெருசா இல்லையேம்மா!"

இந்தக் குழப்பம் அவருக்கு மட்டுமல்ல. டி என்றால் பெரிது, ஏ என்றால் சிறிது என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. அந்த எழுத்து தனியாக எதையும் சொல்லாது. பட்டை அளவுக்கும் மார்பளவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது குறிக்கிறது. ஓர் அங்குலம் கூடினால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. பட்டை எண் மாறினால் அதே எழுத்துள்ள கப்பின் கொள்ளளவும் மாறும். 38 பி, 36 சி, 34 டி மூன்றிலும் கப்புக்குள் அடங்குவது ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆசிரியைக்குக் கப் சரியாக இருந்தது. பட்டைதான் நான்கு அங்குலம் அதிகம். கடையில் உங்கள் சைஸ் இல்லையென்றால் பட்டையில் ஒன்று இறங்கிக் கப்பில் ஒன்று ஏறலாம், அல்லது பட்டையில் ஒன்று ஏறிக் கப்பில் ஒன்று இறங்கலாம். ஒரு படிக்கு மேல் தாண்ட வேண்டாம்.

அளப்பதற்கு இன்னொருவர் உதவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கண்ணாடி போதும். மூச்சை வெளியே விட்டபடி, மார்புக்கு நேர் கீழே டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் சரியக் கூடாது. பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது. இரட்டைப்படை எண்ணாக வந்தால் அதுவே பட்டை அளவு. 33 என்று வந்தால் 32, 34 இரண்டையும் போட்டுப் பாருங்கள். அப்புறம் பஞ்சு வைக்காத மெல்லிய பிராவோடு, எடுப்பான இடத்தில் டேப்பை இறுக்காமல் அளந்துகொள்ளுங்கள். கீழளவோடு நான்கு அங்குலம் கூட்டிப் பட்டை சைஸ் சொல்லும் பழைய கணக்கு இன்னும் சில இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. 30 வந்தவருக்கு 34 கொடுப்பது அப்படித்தான். ஐரோப்பிய அளவில் 34 என்பது 75 ஆகிவிடும். டிக்கு மேல் போனால் நாட்டுக்கு நாடு எழுத்தும் மாறும். ஆக, டேப் கொடுப்பது ஒரு தொடக்கம்தான். தீர்ப்பைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

புது பிராவை வெளி ஓரக் கொக்கியில் மாட்டிப் பாருங்கள். எலாஸ்டிக் நாளாக ஆகத் தளரும், அப்போது உள்கொக்கிகளுக்கு நகரலாம். முதல் நாளே கடைசிக் கொக்கியில் மாட்டித்தான் சரியாக இருக்கிறது என்றால் அந்தப் பட்டை உங்களுக்குப் பெரிது. மாட்டிய பிறகு சற்று முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் சதையைக் கையால் கப்புக்குள் கொண்டுவாருங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை. செய்து பார்த்தால்தான், கப் போதும் என்று நினைத்திருந்தவருக்கு ஒரு சைஸ் கூடத் தேவை என்று தெரியவரும். மேல் ஓரத்தில் சதை பிதுங்கினாலோ கப்பின் ஓரம் அழுத்தி ஒரே மார்பு இரண்டாகப் பிரிந்த மாதிரி தெரிந்தாலோ கப் சிறிது. துணி சுருங்கிக் காற்றாடினால் கப் பெரிது, அல்லது அந்த வடிவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாக இருப்பது பெரும்பாலான பெண்களுக்கு இயல்பு. பெரிய பக்கத்துக்குப் பொருத்தமாக வாங்குங்கள்.

நான் கற்றுக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. பிராவைப் போட்டபடியே இரண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். பட்டை இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். சரசரவென்று கீழே இறங்கினால் அதுவரை உங்கள் தோள்தான் தாங்கிக்கொண்டிருந்தது. பிறகு கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், ஆழமாக மூச்சிழுங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், முழுக் கையும் நுழையக் கூடாது. உள்ளே கம்பி வைத்த ரகமானால் அந்தக் கம்பி மார்பகத்தின் மேல் ஏறாமல் அதைச் சுற்றி விலா எலும்பில் அமர வேண்டும், நடுப்பகுதி நெஞ்செலும்பை ஒட்டியிருக்க வேண்டும். கம்பி குத்துகிறது என்று அதை அறுத்து எடுத்துவிட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கம்பி கெடுதல் இல்லை, கப்தான் போதவில்லை என்பது என் அனுபவம். கம்பி பிடிக்கவில்லையா, கம்பியில்லாத ரகம் போடுங்கள். கட்டாயம் ஒன்றுமில்லை.

ஒரு சைஸ் ஆயுளுக்கும் நிற்காது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மார்பு வீங்கி வலிக்கும்; அப்போதைக்கு மென்மையாக ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். கர்ப்பம், எடை ஏற்ற இறக்கம், மாதவிடாய் நிற்கும் பருவம் எல்லாமே அளவை மாற்றும். பாலூட்டும் காலத்தில் இறுக்கமானதைப் போடவே போடாதீர்கள். ஓரிடத்தை அழுத்திக்கொண்டே இருந்தால் பால் தேங்கிக் கட்டிக்கொள்ளும், மார்பக அழற்சி வரை போகலாம். வளரும் பிள்ளைகளுக்கு "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்" என்று இறுக்கமானதையே மாட்டிவிடுவதையும் பார்க்கிறேன். அந்த வயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஓடுகிறவர்கள், குதித்து விளையாடுகிறவர்கள் சாதாரண பிராவோடு சமாளிக்க வேண்டாம். ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை. பக்கவாட்டிலும் முன்பின்னும் சேர்ந்து ஆடுகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. சிறிய மார்புக்கு அழுத்திப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா போதும். கனமானவர்களுக்கு இரண்டு பக்கத்தையும் தனித்தனிக் கப்பில் ஏந்தும் ரகம் வசதி. வலிக்குப் பயந்து ஓட்டத்தையே நிறுத்தியவர்கள் இதை மாற்றிய பிறகு திரும்ப ஓட ஆரம்பித்திருக்கிறார்கள்.

பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை யாராவது மாதம் ஒருமுறையாவது என்னிடம் காட்டிவிடுவார்கள். அமெரிக்காவின் ஃப்ரெட் ஹச்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தினர் மாதவிடாய் நின்ற 1,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி இருந்ததா, எந்த வயதில் தொடங்கினார்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். போடாவிட்டால் மார்பு தொங்கிவிடும் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, எடை, புகைப்பழக்கம் ஆகியவைதான் அதில் பெரிய பங்கு வகிக்கின்றன. இரவில் போடுவதும் கழற்றுவதும் உங்கள் வசதி.

பராமரிப்பைப் பொறுத்தவரை, எலாஸ்டிக்குக்கு ஆகாதது சூடும் முறுக்கிப் பிழிவதும். கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். கடைசிக் கொக்கியிலும் பட்டை நழுவினால் தூக்கிப் போட்டுவிடுங்கள், துணி புதிதாகவே இருந்தாலும் சரி.

கழற்றிய பிறகு தெரியும் லேசான சிவப்புத் தடம் சிறிது நேரத்தில் மறைந்துவிட்டால் கவலையில்லை. மார்புக்கு அடியில் வியர்வை தங்கி அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வந்தால் அந்த இடத்தை உலர்வாக வையுங்கள், மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கிப் பூசாமல் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் காம்பிலோ அதைச் சுற்றியோ ஒரு பக்கம் மட்டும் புண், செதில், அரிப்பு ஆறாமல் இருந்தால் "பிரா உரசியிருக்கும்" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சில வேளைகளில் பேஜட் நோய் என்ற மார்பகப் புற்றுநோய் வகை அப்படித்தான் தொடங்கும். கட்டி, தோலில் குழி விழுதல், காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கலந்த கசிவு இவற்றுக்கும் பிராவுக்கும் சம்பந்தமில்லை. சைஸ் மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.